ஸ்கோப் கடையின் பின்கதவு

ஓய்வு பெற்ற பிறகாவது கைபேசியை ஒரு மூலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். நடக்கவில்லை. கிழமைக்கு ஒருவராவது அழைக்கிறார்.

"அங்கிள், நீங்க ரொம்ப வருஷம் ஸ்கோப் கடைல வேலை பார்த்தீங்களாமே. லாங் ரேஞ்ச் ஷூட்டிங்குக்கு ஒண்ணு வாங்கணும். ஆனா பட்ஜெட் கொஞ்சம் டைட்."

பட்ஜெட் டைட் இல்லாத ஒருவர் இதுவரை என்னை அழைத்ததில்லை. கை நிறையக் காசு உள்ளவருக்கு என் தயவு தேவையும் இல்லை. விலை கூடியதை வாங்கினால் பெரும்பாலும் பிழை வராது. காசு குறைந்தவர்தான் யோசித்து வாங்க வேண்டும். ஆனால் இப்போது அழைக்கிறவர்கள் எல்லாரும் இணையத்தில் வீடியோக்களைப் பார்த்து, யார் யாரோ போட்ட நட்சத்திரங்களைப் பார்த்து, முடிவும் எடுத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். நான் 'நல்லது' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அரை மணி நேரம் என்னோடு வாதாடுகிறார்கள். எனக்குக் களைத்துவிட்டது. ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு எல்லாம் இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் ஸ்கோப்புக்கு முன்னால் என் கடை முதலாளி ரோய் வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் என் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துவக்கால் சுட்டதில்லை. தமிழ்நாட்டுத் தம்பிமார் துப்பாக்கி என்பதை நாங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்கு என்போம். அந்தத் துவக்குகளுக்குப் பயந்துதான் ஊரை விட்டு ஓடி ஒக்லாந்துக்கு வந்தேன். வந்த இடத்தில் அதே துவக்குகளின் மேல் பூட்டும் தூரக் கண்ணாடியை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தேன். என் மனைவி பவானி சொந்தக்காரரிடம் பல வருடங்களாக, "இவர் பைனாகுலர் கடையில வேலை" என்றுதான் சொல்லி வந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. பைனாகுலரும் விற்றோம்.

ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கமரா திருத்திக்கொண்டிருந்தவன் நான். இங்கே வந்து ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் ஹென்டர்சனில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் துடைத்துப் பூட்ட ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். போனேன். கடைக்காரர் ரோய் என் கையில் ஒரு ஸ்கோப்பையும் சின்னத் திருப்புளியையும் தந்துவிட்டு, நான் திருகாணியை இறுக்குவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். "மெதுவாக இறுக்குகிறாய். நல்லது" என்றார். நேர்முகத் தேர்வு அதோடு முடிந்தது. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

ரோய் உயரமான மனிதர். பேச்சு குறைவு. அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன், அதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவரிடம் சாமான் வாங்குவது லேசான காரியமில்லை. வாடிக்கையாளர் வந்து, இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப் என்ன விலை என்று கேட்பார். ரோய் விலை சொல்லமாட்டார். எங்கே சுடப் போகிறாய், எவ்வளவு தூரம், உன்னிடம் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். சொன்ன தொகையில் ஸ்கோப்பைத் துவக்கோடு பிடிக்கிற வளையங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவார். பழகுவதற்கான தோட்டாக்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவார். "மிச்சம்தான் ஸ்கோப்புக்கு" என்பார். பலருக்கு முகம் தொங்கிப்போகும். ஆனால் மலிவான வளையத்தில் பூட்டிய விலை உயர்ந்த ஸ்கோப் சுடச் சுட அசையும். அசைந்த ஸ்கோப்பில் தூரத்துக் குறி எப்படிப் படும்? அந்த உண்மையை நானும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டேன்.

பெரிதாக்கத்தைப் பற்றியும் அவருக்கு ஒரே கதைதான். காசு குறைவாக இருக்கும்போது பெரிய எண்ணைத் துரத்தாதே. மலிவுக் கண்ணாடி அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கினால் காட்சி இருண்டுபோகும், வெயிலில் தரையிலிருந்து எழும் கானல்கூடப் பெரிதாகி ஆடும். நடுத்தரமான பெரிதாக்கமும் நம்பிக்கையான டயலும் போதும். டயல் என்றது தூரத்துக்கு ஏற்றபடி குறியை ஏற்றி இறக்குகிற திருகு. அதைச் சோதிக்க எங்கள் பட்டறைச் சுவரில் கட்டம் போட்ட ஒரு பலகை இருந்தது. ஸ்கோப்பை அசையாமல் கிடுக்கியில் பூட்டி, டயலை மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று ஒரு சதுரமாகச் சுற்றிக் கொண்டுவருவோம். குறுக்குக் கோடு புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பெட்டியில் போட்டு இறக்குமதியாளருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். "வீட்டுக்குத் திரும்பத் தெரியாதது" என்பார் அப்படிப்பட்டதை. விலை உயர்ந்ததிலும் வீட்டுக்குத் திரும்பத் தெரியாதவை இருந்தன. மலிவானதில் ஒழுங்காகத் திரும்புகிறவையும் இருந்தன. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் காசில்லாதவன் கையில் கொடுப்பதுதான் எங்கள் தொழில் என்று அவர் நினைத்தார்.

கடைசிச் சோதனை பின்கதவில். கடையின் டியூப் வெளிச்சத்தில் பார்த்து யாரும் ஸ்கோப் வாங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். நடுப்பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பொழுது சாயும்போது திரும்பி வா என்று அனுப்பிவிடுவார். பின்கதவைத் திறந்தால் சரிவாக இறங்கி ஓர் ஓடை. ஓடைக்கரையில் வில்லோ மரங்களும், மரம் போல வளர்கிற பொங்கா என்கிற பன்னச் செடிகளும் நெருக்கமாக நிற்கும். கதவடியில் ஒரு மேசை, மேலே மணல் மூட்டை. ஸ்கோப்பை மட்டும் மூட்டையில் வைப்பார். துவக்கில் பூட்டியதை ஒருநாளும் அந்தக் கதவுக்கு வெளியே கொண்டுவரவிட்டதில்லை. "வானத்தைப் பார்க்காதே. மரத்துக்கு அடியில் இருட்டைப் பார். என்ன தெரிகிறது என்று சொல்" என்பார். அந்த இருட்டில் இலையையும் கிளையையும் பிரித்துக் காட்டுகிற கண்ணாடிதான் கண்ணாடி.

வேட்டைக்காரர் என்றால் இன்னுமொன்று சொல்லி அனுப்புவார். "ஸ்கோப்பால் மிருகத்தைத் தேடாதே. தேடுவதற்கு பைனாகுலர் இருக்கிறது. ஸ்கோப்பால் நீ எதைப் பார்க்கிறாயோ அதைத் துவக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உறுதியாகத் தெரியும்வரை விசையில் விரலை வைக்காதே." இலையுதிர் காலத்தில் இங்கே செம்மான்கள் துணை தேடிக் கத்தும். 'ரோர்' என்பார்கள். அந்தப் பருவத்தில் காட்டில் மான் என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்டுவிட்ட செய்தி இடைக்கிடை வரும். அப்படிச் செய்தி வந்த நாட்களில் ரோய் மத்தியானச் சாப்பாட்டைத் தொடமாட்டார். அவரும் தம்பி நீலும் சிறுவயதிலிருந்து ஒவ்வொரு ரோருக்கும் ஒன்றாகக் காட்டுக்குப் போகிறவர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் செந்தில் வந்தான். பாட்டனி டவுன்ஸில் இருந்து கிழக்கு மேற்காக நகரத்தையே கடந்து, கம்ப்யூட்டர் வேலை முடிந்த கையோடு வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பொடியன். கிளப்பில் தூரத்து இரும்புத் தகட்டைச் சுடுகிறவன், மிருகத்தைச் சுடுகிறவன் இல்லை.

"அண்ணே, வீட்ல இவ்வளவுதான்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. மார்ட்கேஜ் வேற ஓடுது. இதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் எனக்குச் சோறு கிடையாது" என்றான்.

அவனுக்கு ஏற்றதாக நான் ஏற்கெனவே ஒன்றை மனதில் வைத்திருந்தேன். மலிவானது. பலகையில் பிசகாமல் வீடு திரும்பியது. டயலும் உள்ளே இருக்கிற கோடுகளும் ஒரே அளவு முறையில் இருந்தன. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் மனக்கணக்குப் போட்டு முழிக்கிறவர்கள் எத்தனையோ பேர். பொழுது சாய்ந்ததும் ரோய் அதைப் பின்கதவு மேசையில் வைத்தார். குனிந்து பார்த்தார். கண்பக்கத்து வளையத்தைத் திருகினார், திரும்பவும் பார்த்தார்.

"சேறு" என்றார். "உள்ளே சேறு பூசினது மாதிரி இருக்கிறது. இதை விற்கக் கூடாது. அடுத்த விலைக்குப் போ."

செந்திலின் முகம் செத்துப்போயிற்று. அடுத்த விலை அவனுடைய பட்ஜெட்டுக்கு நெடுந்தூரம். யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனான். நான் சாமானை எடுத்து வைக்கிற சாட்டில் அந்த மலிவு ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். உண்மைதான், மங்கல். ஆனால் கண்பக்க வளையம் ஒரு பக்கமாக முடியுமட்டும் திருகிக் கிடந்தது. அந்த வளையம் பார்க்கிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி குறுக்குக் கோட்டைத் தெளிவாக்குவதற்கு இருப்பது. மூக்குக் கண்ணாடியின் பவர் மாதிரி. யாருடைய கண்ணுக்கும் அவ்வளவு தூரம் திருக வேண்டி வருவதில்லை. நான் அதை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஓடைக்கரை பளிச்சென்று வந்தது. வில்லோ மரத்தின் பட்டையில் இருந்த வெடிப்புகூடத் தெரிந்தது. செந்திலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணே, சூப்பரா கிளியரா இருக்கே! அவர் ஏன் அப்படிச் சொன்னார்?"

"தெரியேல்லை தம்பி. இதையே எடுத்துக்கொண்டு போங்கோ" என்றேன். தெரியவில்லை என்றது பொய்.

சில மாதங்களாகவே காலையில் வந்து காட்சிப்பெட்டியில் இருக்கிற ஸ்கோப்புகளைத் துடைக்கும்போது, எல்லாவற்றின் கண்பக்க வளையமும் அதே பக்கமாகத் திருகிக் கிடப்பதைப் பார்த்து வந்திருந்தேன். முந்தின நாள் ரோய்தான் ஒவ்வொன்றையும் வாடிக்கையாளருக்குத் தயாராகத் தெளிவாக்கி வைப்பார். வருகிறவர்களோ மங்கல், மங்கல் என்பார்கள். நான் பேசாமல் வளையத்தை நடுவுக்குத் திருகிக் கொடுப்பேன். அவர் திருப்பி அனுப்பிய ஸ்கோப்புகளும் கூடிக்கொண்டு வந்தன. ஒருமுறை இறக்குமதியாளரின் ஆள் நேரிலேயே வந்து, "இவற்றில் ஒரு குறையும் இல்லையே" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். இப்போதெல்லாம் கண்ணாடிகளின் தரம் விழுந்துவிட்டது என்று ரோய் முணுமுணுத்தார். நாற்பது வருடம் கண்ணாடி பார்த்த மனிதர் வேறு எதைக் குறை சொல்வார்? இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும். காட்சி மங்கினால் மற்றவர்கள் கண் டொக்டரிடம் போவார்கள். அவர் ஸ்கோப்பை மாற்றினார்.

அவருடைய வலது கண் போய்க்கொண்டிருந்தது. குறி பார்க்கிற கண். ரோர் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் பவானியிடம் சொன்னேன். அவள் கறியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தாள் உந்தக் கண்ணோட காட்டுக்குப் போகப்போகுதோ?"

"ஓம். தம்பியோட. ஒவ்வொரு வருசமும் போறதுதானே."

"அப்ப நீங்கள் ஏன் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறியள்?"

"அவர் என்ர முதலாளி. நான் துவக்கால ஒரு வெடிகூட வைக்காத ஆள். அவருக்குக் கண் தெரியேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"இஞ்சாருங்கோ, நாளைக்கு அந்தாளின்ர தம்பிக்கு ஏதும் நடந்தால், அதுக்குப் பிறகு அந்தக் கடையில நிண்டு தேத்தண்ணி குடிப்பியளோ?"



அடுத்த நாள் பட்டறையில் தனியாக இருக்கும்போது சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும்போது எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்தேன். வாயைத் திறந்தபோது எல்லாம் போய்விட்டது. "ரோய், கண்ணாடிகளில் குறையில்லை. உங்கள் வலது கண்ணைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு காட்டுக்குப் போகலாம்" என்று நேராகவே வந்துவிட்டது.

அவர் கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஷிவ், நீ எப்போதாவது ஒரு மானைப் பார்த்துச் சுட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"காட்டில் ஓர் இரவு படுத்திருக்கிறாயா?"

ஊரில் ஓடித் திரிந்த நாட்களில் காட்டில் படுத்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது அந்தக் காட்டை இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை.

"அப்படியென்றால் எனக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று நீ சொல்லாதே" என்றார். எழுந்து முன்பக்கம் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வேலைக் காலத்திலேயே மிகவும் களைப்பான நாட்கள். பெட்டி அடுக்கிய காலத்தில்கூட அவ்வளவு களைத்ததில்லை. அவர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். மத்தியானத் தேநீரைத் தனியாகக் குடித்தார். நான் காலையில் வளையங்களைத் திருப்பி வைத்தேன். மறுநாள் அவை திரும்பவும் மறுபக்கம் கிடந்தன. இரண்டு கிழட்டு மனிதர் ஒன்றும் பேசாமல் ஒரே வளையத்தை ஆளுக்கொரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தோம். இந்த வேலை எனக்கு எதற்கு, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று பலமுறை யோசித்தேன். போயிருந்தால் எனக்கு நிம்மதி. அவர் எப்படியும் காட்டுக்குப் போயிருப்பார்.

அவர்கள் புறப்படுகிற நாளும் வந்தது. கடை மூடுகிற நேரத்துக்கு நீல் தன் வண்டியோடு வந்தார். பின்னால் கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி, பூட்டிய பெட்டிக்குள் இரண்டு துவக்குகள். நீலும் அண்ணனைப் போலவே பேச்சுக் குறைந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். நான் தயங்கினேன். ரோயே சொன்னார்.

"எனக்குக் கண் தெரியவில்லையாம். ஷிவ் கண்டுபிடித்திருக்கிறார்."

நீல் சிரிக்கவில்லை. "போன வருடம் நீ அந்தப் பள்ளத்தில் நின்ற பெண்மானைக் கடைசிவரை பார்க்கவில்லை, ரோய்" என்றார் மெதுவாக.

ரோய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காட்சிப்பெட்டியைத் திறந்து கடையிலேயே விலை உயர்ந்த ஸ்கோப்பை எடுத்தார். பின்கதவைத் திறந்து அதை மணல் மூட்டையில் வைத்தார்.

"சரி. முடித்துவிடுவோம். ஷிவ், பட்டறையில் தொங்குகிற அந்த மண்ணிற மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடைக்கு இறங்கு. மரங்களுக்குள் உனக்குப் பிடித்த இடத்தில் நில். எங்கே நின்றாய் என்று நான் சொல்கிறேன். சரியாகச் சொன்னால் இந்தப் பேச்சு இன்றோடு முடிந்தது. நீல் பைனாகுலரால் பார்க்கட்டும்."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். புல் ஈரமாக இருந்தது, முழங்கால் வலித்தது. கரைக்கு வந்ததும் இடப்பக்கமாக நடந்து, வில்லோ மரங்கள் இரண்டுக்கு நடுவில் நின்றேன். ஒளிந்து நிற்கவில்லை. அவரை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் என்னைக் கண்டுகொள்ள வேண்டும், நான் சொன்னது பிழையாகிப்போக வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். மார்பை அவருக்கு நேரே திருப்பிக்கொண்டு நின்றேன்.

மேலே கடையின் பின்கதவு சின்னதாகத் தெரிந்தது. அங்கே ஒருவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்கு அடியில் துவக்கு இல்லை, வெறும் கண்ணாடி. நானே தினமும் துடைத்து வைக்கிற கண்ணாடி. ஊரில் பனங்கூடலுக்குள், பனைமரங்களுக்கு நடுவில், இப்படித்தான் ஒருமுறை அசையாமல் நின்றேன், தூரத்தில் நிற்கிறவன் என்னை யார் என்று நினைக்கிறானோ என்று தெரியாமல். அன்றைக்கு என்னைத் தப்ப வைத்தது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்த்தவனுக்கு நல்ல கண் இருந்திருக்கலாம். கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மூக்கில் தண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை.

நீல் விசிலடித்தார். மேலே ஏறிப் போனேன்.

ரோயின் முகம் பல நாட்களுக்குப் பிறகு மலர்ந்திருந்தது. கடையில் ஒருவனுக்குச் சரியான ஸ்கோப் அகப்பட்டுவிட்டால் அவருக்கு வருகிற அதே முகம்.

"வலப்பக்கம், பெரிய பொங்காவுக்கு அடியில்" என்றார். "தோள் தெரிந்தது. கொஞ்சம் குனிந்து நின்றாய். ஒரு தடவை கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தாய். சரிதானே?"

நான் நீலைப் பார்த்தேன். அவர் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நின்ற இடம் அவருக்குத் தெரியும். வலப்பக்கத்துப் பொங்காவுக்கு அடியில் பட்டுப்போன இன்னொரு பொங்காவின் அடிமரம் இருந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு. மண்ணிறம். அதைப் பார்த்து ரோய் எனக்குத் தோள் வைத்தார், முதுகைக் குனிய வைத்தார், கையையும் தூக்க வைத்துவிட்டார். நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்ற நான் அவருக்கு மரமாகிப் போயிருந்தேன்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த முகம் அப்படியே இருக்கும். நாளைக்குத் தேநீரை ஒன்றாகக் குடிப்போம். எனக்கு வேலை ஓய இன்னும் ஒரு வருடம்கூட இல்லை, சமாதானமாக முடித்துக்கொண்டு போய்விடலாம். அவர் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆசையோடு ஒருவர் என் பதிலுக்குக் காத்திருந்தது இல்லை.

"இல்லை, ரோய்" என்றேன். "நான் இடப்பக்கம், வில்லோவுக்கு நடுவில் நின்றேன். கையைத் தூக்கவே இல்லை."

அவர் நீலின் பக்கம் திரும்பினார். நீல் தலையை மட்டும் ஆட்டினார்.

ரோய் திரும்பவும் குனிந்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகு நேரம் பார்த்தார். வளையத்தைத் திருகவில்லை. ஓடைப் பக்கம் வெளிச்சம் முழுதாக மங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் தளர்ந்திருந்தது.

"இப்போதும் அங்கே ஒருவர் நிற்கிறார்" என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்து துவக்குப் பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்து நீலின் கையில் வைத்தார். நீல் தானும் போகவில்லை என்றார். ரோய் அதற்குச் சம்மதிக்கவில்லை, போகத்தான் வேண்டும் என்று அதட்டி வண்டியில் ஏற்றினார். வண்டி சந்தியில் திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். எது தெரிந்ததோ எனக்குத் தெரியாது. பிறகு கடையைப் பூட்டினோம். பொழுதுபட்ட பிறகு அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தது. மனைவி வந்து கூட்டிப் போவார். அன்றைக்கு, ரோய் காட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து அவர் வரவில்லை. அதனால் இரண்டு பேருமாக ரயிலுக்கு நடந்தோம்.

நிலையப் படிகளுக்கு வந்ததும் ரோய் நின்றுவிட்டார்.

"நீலாக இருந்திருக்கலாம், ஷிவ்" என்றார். "எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சுட்டிருப்பேன்."

"படி ஈரமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். கடைசிப் படி இறங்கிய பிறகும் விடவில்லை.